ஏரிப் படகின் பெட்ரோல் முள்

போன வாரம் போடியிலிருந்து மலைமேல் மெட்டுக்கு ஏறும் ஜீப்பில் முன்சீட்டு கிடைத்தது. பெருமையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கியர்க் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் என்று நாலாவது ஆளாக ஒடுங்கி உட்காருவதுதான் அது. மலையடிவாரத்து முந்தலில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். டேங்க் மூடியைத் திறந்து ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தார்.

"முள்ளு நல்லாத்தானே காட்டுது?" என்றேன்.

"காட்டும்ணே. அத நம்பி ஏறுனா எட்டாவது வளைவுல நீங்கதான் எறங்கித் தள்ளணும்."

வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குச்சியிலிருந்து வந்த பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியதும், எட்டு வருசமாக அடங்காத கோபம் ஒன்று கூடவே ஏறிவிட்டது.

அப்போது நான் மலைமேல் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் மெக்கானிக். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை மிதித்த முதல் ஆள் நான்தான். ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டை பாலிதீன் உறையில் போட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். டெஸ்டர் மட்டும் எப்போதும் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி இருக்கும், டாக்டர் கழுத்துக் குழாய் மாதிரி. காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்து வரும் ஏலக்காய்ப் புகை என் சட்டையில் ஏறி, ஊருக்குப் போனால் பஸ்சில் பக்கத்து ஆள், "பாயசம் கொண்டு போறியா தம்பி?" என்று கேட்பான்.

ஓடையை மறித்து எஸ்டேட்டுக்குள்ளேயே ஒரு சின்ன ஏரி கட்டியிருந்தார்கள். ஏலக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடத்தான் கட்டியது. முதலாளிக்கு அதில் படகு விட ஆசை வந்தது. கொச்சியிலிருந்து பழைய மோட்டார் படகு ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். முன்னால் ஸ்டியரிங்கும் பெட்ரோல் முள்ளும், பின்னால் விருந்தாளிகளுக்கு அகலமான மெத்தைச் சீட்டு. கப்பலையே பார்க்காத நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தோம்.

ஓட்ட ஆள் வேண்டுமே. எஸ்டேட் ஜீப்பைப் பதினைந்து வருசம் ஓட்டிய சிலமலை ஊர்க்காரர் மாயாண்டி அண்ணனை ஏரிக்கு மாற்றினார்கள். எஸ்டேட் ஆட்களுக்கான லயத்து வரிசை வீட்டில் ஓர் அறை, மனைவி, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். வேலை போனால் அறையும் போகும், பிள்ளைகளின் படிப்பும் போகும்.

சாயந்திரம் முதலாளி பின்சீட்டில் சாய்ந்துகொண்டு ரெண்டு சுற்று வருவார். இறங்குமுன் சீட்டில் இருந்தபடியே அண்ணன் தோளுக்கு மேலாக முள்ளைப் பார்ப்பார். நிறைய இருக்கும். மறுநாள் காலையில் நடந்து வந்து, கரைப் பலகையில் நின்றபடி குனிந்து பார்ப்பார். பாதி இருக்கும். பகலில் எவ்வளவு ஊற்றினார்கள் என்று அவர் கேட்டதில்லை. நாலு நாள் இப்படியே நடந்தது. ஐந்தாம் நாள் காலையில் ஆட்கள் பேர் கொடுக்கப் பிரட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ராத்திரியில பெட்ரோலு எங்கடா போகுது? ஏரி மீனு குடிக்குதா?"

அண்ணன் வாய் திறக்குமுன், "சனிக்கெழமைக்குள்ள லயத்தக் காலி பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விசாரணை அவ்வளவுதான். நீங்களே சொல்லுங்கள், ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம் இல்லையா? பதினைந்து வருசம் தன் உயிரை அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒப்படைத்திருந்த மனுசனிடம்.

அன்று மத்தியானம் அண்ணன் என் ஷெட்டுக்கு வந்தார். "அப்பு, நான் எடுக்கல. ஆனா சாயந்தரம் நெறைய இருந்தத நானும் கண்ணால பாத்தேன். அதான் எனக்கே ஒண்ணும் ஓடல. வெரசா என்னன்னு பாரு."

சர்டிபிகேட் வாங்கிய திமிர் எனக்கு. ஒரு மணி நேரத்துச் சோலி என்றேன். ரெண்டு நாள் ஆனது. ஒயரைக் கழற்றினால் முள் ஒரு கோடிக்கு ஓடியது, இரும்பில் தொட்டால் மறுகோடிக்கு ஓடியது. அப்படியானால் மீட்டர் சரி. டேங்குக்குள் இருக்கும் மிதவையை எடுத்துக் காதோரம் குலுக்கினேன். உள்ளே பெட்ரோல் புகவில்லை. துருப்பிடித்த எர்த் முனையை உப்புத்தாளால் தேய்த்தேன். டேங்க் அடியைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், ஒழுக்கு இல்லை. எல்லாம் சரி, முள் மட்டும் பொய்.

வெள்ளிக்கிழமை, பின்சீட்டில் மண்டியிட்டு மிதவையைத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் கரைப் பலகையில் நின்று முள்ளைப் பார்த்துச் சொன்னார். "முக்காலுக்குக் கிட்ட காட்டுது." ஸ்பேனர் எடுக்கக் கரையில் இறங்கினேன்.

"அப்பு, நீ எறங்கவும் முள்ளும் எறங்குது."

திரும்ப ஏறினேன். முள்ளும் ஏறியது.

டேங்க், பின்சீட்டுக்கு அடியில் நீளமாக, தட்டையாகக் கிடந்தது. மிதவை அதன் வால் முனையில். பின்னால் ஆள் உட்கார்ந்தால் படகின் வால் தாழும், பெட்ரோல் அங்கே போய்ச் சேரும், மிதவை தூக்கிக்கொள்ளும். நானோ நோஞ்சான். முதலாளி என்னைப் போல மூன்று பேர். ஏற்றத்தில் ஜீப் முள் பொய் சொல்லும் என்று மலைப்பாதையில் ஓட்டும் யாருக்கும் தெரியும், அதனால்தான் குச்சி. இங்கே ஒருத்தருக்கும் குச்சி விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ரோடுன்னா நானே சொல்லிருப்பேன். தண்ணி மட்டமாத்தான கெடக்கு, அத யாரு சந்தேகப்படுவா?"

சனிக்கிழமை காலையில் முதலாளியைக் கூப்பிட்டு வந்தேன். மேஸ்திரிகள் ரெண்டு பேர் கூட வந்தார்கள். "ஐயா, கொஞ்சம் பின்சீட்டுல உக்காருங்க." முள் ஏறி நிறைய காட்டியது. "கொஞ்சம் எறங்குங்க." பாதிக்கு வந்தது. ரெண்டு தடவையும் டேங்க் நடுவிலிருக்கும் மூடி வழியாகக் குச்சி விட்டேன், பாதிதான்.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப நாந்தான் களவாணியா?" மேஸ்திரிகளும் சிரித்தார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர், திரும்பாமலே சொன்னார். "சரி, அவன் இருந்துட்டுப் போகட்டும்."

நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். அண்ணன் லயத்துக்குப் போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இருக்கச் சொல்லிட்டாருல்ல?"

"இருந்துட்டுப் போகட்டும்னாரு. திருடலன்னு சொன்னாரா? பிரட்டுல வச்சுக் கேட்டாருல்ல, பிரட்டுல வச்சுச் சொல்லட்டும்."

முதலாளி சொல்லவில்லை, அண்ணன் குடும்பத்தோடு மலை இறங்கிவிட்டார். நான் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, புது மெக்கானிக், என் வேலையும் எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது. அந்த வெட்கம்தான் இந்தக் கோபத்தில் பாதி.

போன வாரம் அந்த ஜீப்பில் ஏறியது அதே எஸ்டேட்டுக்குத்தான், ஒரு பம்புசெட் பார்க்க. ஏரிக் கரை ஒரு மழையில் உடைந்து, ஏரி இருந்த இடம் முழுக்க இப்போது ஏலச்செடி. படகைக் கோட்டயத்து ஆள் ஒருவன் பழைய இரும்புக்கு எடுத்துப் போனானாம். முதலாளியும் செத்துப்போய் மூன்று வருசம். புதிதாக வந்திருக்கும் மேஸ்திரி, நான் அண்ணன் பேரைச் சொன்னதும் சட்டென்று கேட்டான்.

"யாரு, அந்தப் பெட்ரோல் திருடுன ஆளா?"

இல்லையப்பா என்று ஆரம்பித்தேன். ஏரி, படகு, டேங்க், மிதவை, வால் தாழ்வது எல்லாம் சொன்னேன். அவன் ஏலச்செடிகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"இங்க ஏது சார் ஏரி?"