ஒற்றைத் தொடு முறை

எள்ளை விடக் கொஞ்சம் பெரிய ஒரு ஸ்க்ரூவுக்காகப் பன்னிரண்டு பெண்கள் மண்டி போட்டுத் தரையைத் தடவிய அந்த மதியம்தான், என் பக்கத்து சீட்டுக்காரியை நினைத்தால் முதலில் வருகிறது. அவள் தண்டலம் பக்கத்துப் பெண். பிளஸ் டூவோடு நிறுத்தியவள். நான் சங்கரன்கோவில் பக்கம் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, சுங்குவார்சத்திரத்தில் ஆறு பேர் தங்கும் அறையிலிருந்து கம்பெனி பஸ் ஏறி வந்தவள். செல்போன் பூட்டும் லைனில் இருவருக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம். இருந்தும் என் பந்தாவுக்குக் குறைச்சல் இல்லை. அதனாலேயே அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். டிகிரி என்றுதான் கூப்பிடுவாள்.

ஸ்க்ரூ முடுக்கும் டிரைவரின் முனைக்கு 'பிட்' என்று பேர். அதில் காந்தம் ஏற்றியிருப்பார்கள், ஸ்க்ரூ அதில் ஒட்டிக்கொண்டு வரும். நாள்பட்டால் காந்தம் குறைந்து, ஸ்க்ரூ பாதி வழியில் உதிரும். புது பிட் கேட்டால் ஸ்டோரிலிருந்து வர நாளாகும், டார்கெட் அதுவரை காத்திருக்காது. அங்கேதான் என் படிப்பு விழித்துக்கொண்டது. போனைப் பிடித்து வைக்கும் ஜிக் ஒன்று உடைந்து ஓரமாகக் கிடந்தது. அதிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தைப் பெயர்த்தெடுத்தேன். அப்புறம் பள்ளிக்கூடத்தில் படித்த ஒற்றைத் தொடு முறைதான்: காந்தத்தின் ஒரே முனையால், ஒரே திசையில், பிட்டை இழுத்துத் தேய்க்க வேண்டும். திரும்பும்போது கையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். முப்பது தடவை தேய்த்தால் செத்த பிட்டுக்கு உயிர் வரும். லைனுக்குள் தனிக் காந்தம் இருக்கவே கூடாது என்பது விதி, போனுக்குள் இருக்கும் திசைகாட்டி குழம்பிவிடும் என்பதால். தெரிந்தேதான் செய்தேன். வேலை முடிந்ததும் காந்தத்தை என் மேசைக்கு அடியில் இரும்புச் சட்டத்தில் ஒட்டி வைத்துவிடுவேன்.

அன்று ஷிஃப்ட் முடிகிற நேரம், என் தட்டில் ஒரு ஸ்க்ரூ குறைந்தது. அது எந்த போனுக்குள்ளாவது கிடந்தால் போர்டு புகையும். கிடைக்காவிட்டால் கடைசி ஒரு மணி நேரத்தில் பூட்டிய அத்தனை போனையும் பிரிக்க வேண்டும். எனக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை. மூன்றாவது வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

"எல்லாரும் கீழ எறங்கித் தேடுங்கடீ" என்றார் லைன் லீடர் அக்கா.

பயத்தை மறைக்க நான் கணக்குப் பேசினேன். "மேச ஒசரம் இம்புட்டுதான். தெறிச்சாலும் ஒரு மீட்டரத் தாண்டாது. அதுக்குள்ளதான் கெடக்கும்."

"இன்னா டிகிரி, உன் கணக்கு ஸ்க்ரூவுக்குத் தெரியுமா? ஏசிலயே இப்டி வேர்த்து ஊத்துது உனக்கு" என்றாள் அவள்.

"சும்மா கெடட்டி. வேல போகப்போறது எனக்கு."

அவள் என் மேசைக்கு அடியில் தலையை விட்டாள். வெளியே வரும்போது கை மூடியிருந்தது. எனக்கு மட்டும் விரித்துக் காட்டினாள். என் காந்தம். அதன் விளிம்பில் அந்த ஸ்க்ரூ. என் கணக்கில் புவியீர்ப்பு இருந்தது, தெறித்த வேகம் இருந்தது. நானே ஒளித்து வைத்த விசை மட்டும் இல்லை.

"ஸ்க்ரூவ மட்டும் குடு. காந்தத்த எங்கயாவது போட்ரு" என்று கிசுகிசுத்தேன்.

"எங்க கெடச்சிச்சினு ரிஜிஸ்டர்ல எழுதணுமே. காத்துலனு எழுதுவியா? நான் சொன்னா கோள் சொன்ன மாரி ஆயிடும். நீயே போய் சொல்லு. நான் இங்கதான் கீறேன்."

போய்ச் சொன்னேன். காந்தத்தையும் ஸ்க்ரூவையும் நீட்டினேன். அக்கா காந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"ரெண்டு வாரம்க்கா."

"உன் பிட்டு மட்டுந்தானா?"

பக்கத்து சீட்டிலிருந்து அவள் கை உயர்ந்தது. "என்னுதையும் தேச்சிகினுதான்க்கா கீறேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லா புடிக்குது."

அடுத்து ஒரு கை. அப்புறம் எதிர் வரிசையில் இரண்டு. கடைசியில் பன்னிரண்டு பேரும் கை தூக்கிக்கொண்டு நின்றோம்.

"அடிப்பாவிங்களா! உங்க எல்லாரையும் வூட்டுக்கு அனுப்பிட்டு நான் ஒண்டியா ஒக்காந்து பூட்டவா?" என்று சிரித்தவர் முகம் மறுபடி இறுகியது. "சரி, பிட்டுக்கு நான் ஸ்டோர்ல போய் சண்ட போடுறேன். ஆனா கடைசி லாட்டு திசை டெஸ்டுக்குப் போவும். ஒரு போன் தப்பா காட்டினாலும் நான் உன்னக் காப்பாத்த முடியாது. ஆமா."

இப்போது அவள் ஒரகடத்தில் ஒரு லாரி கம்பெனியில் வயர் கட்டுகிறாள். நான் அதே லைனில் தரச் சோதனைக்கு மாறிவிட்டேன். பிட் கேட்டால் அன்றைக்கே தருகிறார்கள். இன்றைக்கும் ஸ்க்ரூ ஒன்று குறைந்தால் கோபத்துக்கு முன் எனக்கு அந்த டெஸ்ட் மேசைதான் ஞாபகம் வரும். அன்று பஸ் ஹாரன் அடித்தும் அவள் போகவில்லை. மேசையில் ஒவ்வொரு போனாகத் திசை காட்டச் சுழன்று நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பார்க்கிற வேலையை அவள்தான் செய்தாள். கடைசி போனும் நின்ற பிறகு என் விலாவில் ஒரு இடி விழுந்தது.

"வடக்கு வடக்காவேதான் கீது. மூச்ச வுடு டிகிரி."