சிரே போடாத கோலி

சிரே எதைச் சொன்னாலும் அன்சு சிரிப்பான். அவள் வயிறெரிந்து சொன்னாலும் சிரிப்பான். இருபது வருஷமாக அதுதான் நடந்தது.

அவள் பிறந்த குலத்துக்கும் அவன் குலத்துக்கும் கேலிமுறை. பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் அடிமை என்பார்கள், சோற்றுத் திருட்டு நாய் என்பார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அன்சு அந்த வட்டாரத்தின் நாடாளுமன்ற உறுப்பினன். காம்பியா ஆற்றின் வடகரையில், மாரிகுண்டாவில், சிரேவுக்கு ஒரு நெல்வயல் இருந்தது. அவளுக்கு அவனிடம் ஆக வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான்.

மேட்டு நிலத்தில் ஆண்கள் கடலை போடுவார்கள். ஆற்றோரச் சதுப்பில் பெண்கள் நெல் நடுவார்கள். கோடையில் ஆறு மெலிந்தால் கடல் அதற்குள் ஏறி வரும். அதைத் தடுத்த மண்கரை, சிரே மகள் நியிமாவை வயிற்றில் சுமந்த வருஷம், ஓரிடத்தில் உடைந்தது. முதலில் நான்கு வயல் போயிற்று. பிறகு பதினொன்று. நிலம் வெள்ளை பூத்துக் கிடந்தது, நண்டுதான் நடமாடியது. வயலை இழந்தவர்கள் கப்பலில் வரும் அரிசி மூட்டைக்குக் கடைவாசலில் நின்றார்கள். அடுத்து உப்பேற இருந்த பன்னிரண்டாவது வயல் சிரேயுடையது. நியிமாவுக்குப் போக வேண்டியது.

ஒவ்வொரு தேர்தலுக்கும் பத்து நாள் முன்னால், உடைப்பை அடைக்க என்று, மஞ்சள் நிற மண்வாரி இயந்திரம் ஒன்று பெரிய லாரியில் ஏறி வரும். உடைப்புக்குப் பக்கத்தில் இறக்கிவைப்பார்கள். ஆடுகள் அதன் நிழலில் படுத்துக்கொள்ளும். டீசல் நாளைக்கு வருகிறது என்பான் அன்சு. தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் அதே லாரி அதை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஒரு கூடை மண்ணைக்கூட அது தொட்டதில்லை. மூன்று தேர்தல் இப்படிப் போயின.

நான்காவது முறை, அன்சு கூட்டம் போட்டபோது சிரே எழுந்து நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"நீ பொய்யன். உன் வாயில அந்த உப்புத் தண்ணிய ஊத்தணும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்சு, மரியாதைக்குக் கொடுத்து மெல்லும் கோலா கொட்டை ஒன்றை அவள் காலடியில் எறிந்தான்.

"பாத்தீங்களா, என் அடிமைக்கு வாய் நீண்டுபோச்சு. வீட்ல சோத்தக் குறைச்சுப் போடுங்கப்பா."

தான் விளையாடவில்லை என்றாள் அவள். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

மறுநாள் உரலில் நெல் குத்தும்போது தீடாவிடம் குமுறினாள். தீடாவின் வயல் முதலில் போன நான்கில் ஒன்று.

"ஊரே சிரிக்குது. நான் செத்து விழுந்தாலும் கையத் தட்டுவானுங்க போல."

"அப்ப பேசாம இருந்து பாரேன்," என்றாள் தீடா. "உனக்குத்தான் அது பொறந்ததுலேர்ந்து வராதே."

சிரே உலக்கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். அன்று மாலைக்குள் மற்ற வயல் பெண்கள் இருபத்தாறு பேரிடமும் பேசி முடித்திருந்தாள்.

வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்தில். சைக்கிள் மணி குழப்பும் என்பதால் அன்றைக்கு அந்தப் பக்கம் சைக்கிள் வரக்கூடாது. விரலில் மை வைத்து, சீட்டுக்குப் பதில் ஒரு கோலிக்குண்டைக் கொடுப்பார்கள். மறைப்புக்குள் வேட்பாளர் ஆளுக்கொன்றாகப் படம் ஒட்டிய தகரப் பீப்பாய்கள். வேண்டியவன் பீப்பாயின் குழாயில் கோலியைப் போட்டால் உள்ளே மணி ஒருமுறை அடிக்கும். வெளியே அதிகாரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சிரே உள்ளே போனாள். அன்சுவின் படம் பல்லைக் காட்டியது. வெளியே வந்தாள்.

"மணி கேக்கலையே அம்மா," என்றார் அதிகாரி.

அவள் கோலியை மேசையில் வைத்தாள். உள்ளே போய்ப் போட்டுவிட்டு வரச் சொன்னார். அவள் வாயைத் திறக்காமல் முற்றத்தில் போய் உட்கார்ந்தாள். அடுத்தவள் தீடா. அதற்கடுத்து இன்னும் இருபத்தைந்து பேர். மேசையில் உருண்ட கோலிகளை அதிகாரி தன் தொப்பியைக் கழற்றி அதில் அள்ளிப் போட்டார்.

செய்தி போய், அன்சு ஜீப்பில் வந்து இறங்கினான்.

"யார்ரா என் அடிமையோட நாக்க அறுத்தது?"

சிரே அவன் கண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கேலிக்குப் பதில் கேலி சொல்லாமல் இருப்பது அங்கே யாரும் செய்யாத காரியம்.

"ஏய் சோத்துத் திருடி, நான்தான் வந்திருக்கேன்."

தானே சிரித்தான். கூட யாரும் சிரிக்கவில்லை. இவளுக்கு உடம்பு சரியில்லையா என்று அதிகாரியிடம் கேட்டான்.

மற்ற ஊர்களில் மணி அடித்தது, அவன்தான் ஜெயித்தான். மூன்றாம் நாள் இயந்திரம் போயிற்று. நான்காம் நாள் பெண்கள் அகலத் தகரப் பேசின்களில் சேறு சுமக்கத் தொடங்கினார்கள். அலையாத்தி மரக்கிளைகளை நட்டு, சேற்றை மிதித்து, மழைக்கு முன் உடைப்பை அடைத்தார்கள். சிரேயின் கால் முழுக்கச் சிப்பி வெட்டு. அந்த வருஷம் அவள் வயலில் பயிர் நின்றது.

கதிர் வரும் நேரத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரி அக்கரையில். வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிப்போகும் ஊர்திப் படகின் எஞ்சின் பழுது. உதிரிபாகம் வருகிறது என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சின்ன ஓடத்தில் ஏற்றலாம் என்றால் அன்றைய காற்றுக்கு எவனும் துணியவில்லை. இரண்டு நாள் இறங்குதுறையில் பாயில் கிடந்தாள். அக்கரை வண்டிகள் கண்ணுக்குத் தெரிந்தன. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள். வயது நாற்பத்தாறு.

மூன்றாம் நாள் சடங்குக்கு அன்சு வந்தான். கேலிமுறைக்காரன் சாவு வீட்டிலும் கேலி பேச வேண்டும். அது செத்தவருக்குச் செய்யும் மரியாதை. அவன் சிரேயின் பாய் விரித்திருந்த இடத்தில் நின்று, காலால் தரையைத் தட்டினான்.

"எந்திரிடி என் அடிமை. நெல்லு குத்தாம படுத்துக் கெடக்குற."

அவன் குரல் உடைந்தது. அது நடிப்பல்ல. ஆனாலும் பெண்களில் ஒருத்திகூட உதட்டை அசைக்கவில்லை.

தீடா எழுந்தாள். அன்று பௌர்ணமி, ஆற்றில் கடல் உயர ஏறும் நாள்.

"நியிமா, தண்ணி ஏறுற நேரம். கரையப் பாத்துட்டு வந்துருவோம், வா."

இருபத்தாறு பெண்களும் சுவரோரம் சாய்த்திருந்த பேசின்களை எடுத்துக்கொண்டு, நியிமாவோடு அவனைத் தாண்டி நடந்தார்கள். சாவு வீட்டுக்கென்று கொண்டுவந்த கோலா கொட்டைகளைக் கையில் நீட்டியபடி அன்சு நின்றான். வாங்க ஆளில்லை.