அவர் ஏறாத படகு

செல்லமுத்து அண்ணன் போய்விட்ட செய்தி, நம் நீர்ச்சறுக்குச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில்தான் எனக்கு வந்தது. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில் இருந்தேன், புதுச்சத்திரம் தாண்டியிருக்கும். மாரடைப்பு என்று தலைவர் எழுதியிருந்தார். அதன் கீழே கூப்பிய கைப் படங்கள் விழுந்துகொண்டே இருந்தன. 'சங்கத்தின் தூண் சாய்ந்தது' என்று செயலாளர் எழுதினார். அந்தத் தூணை இதே குழுவிலிருந்து நீக்கியவரும் அவர்தான்.

மறுநாள் திருச்செங்கோட்டில் இறங்கினால், பேருந்து நிலையத்துக்கு எதிரே கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். சங்கத்துப் படகின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அண்ணன் சிரிக்கிறார். தலை அவருடையது. சட்டையும் கையும் யாருடையவோ. அந்தப் படகில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். உயிரோடு இருந்தவரை ஏறாத மனிதரை, செத்த பிறகு வெட்டி ஒட்டி ஏற்றிவிட்டீர்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"படத்திறப்பு மலருக்கு நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க டீச்சர்" என்று செயலாளர் போனில் கேட்டார். யாருக்கு நல்லது என்று அவர் சொல்லவில்லை. எழுதுகிறேன்.

ரிக் லாரியோடு ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டுப் பிழைத்தவர் அண்ணன். மேற்குக் கடற்கரைப் பக்கம் வேலைக்குப் போன இடத்தில், நாற்பது வயதுக்கு மேல் நீர்ச்சறுக்குப் பழகிக்கொண்டு வந்தார். தொப்பை விழுந்த மனிதர் படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காவிரிக் கதவணைத் தண்ணீரில் நின்றபடி வருவதைப் பார்த்து, கரையில் துணி துவைத்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டதுண்டு. "இத்தனை தண்ணி சும்மா கெடக்குதுங்களே அம்மணி" என்று உடற்கல்வி ஆசிரியையான என்னையும் இழுத்துவிட்டார். சங்கம் அப்படித்தான் உண்டாயிற்று. முதலில் வாடகைப் படகு. பிறகு ரிக் முதலாளிகள் சேர்ந்தார்கள், சொந்தப் படகு வாங்குவது என்று முடிவாயிற்று.

படகு பார்க்கக் கொச்சிப் பக்கம் ஒரு கூட்டமாகப் போனோம். மற்றவர்கள் ஏறி மெத்தையில் உட்கார்ந்து பார்த்தார்கள், பாட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அண்ணன் வெள்ளை வேட்டியோடு தரையில் மல்லாந்து படகுக்கு அடியில் போய்விட்டார். "பொண்ணுப் பார்க்க வந்துட்டு மூஞ்சியப் பார்க்காம முதுகைப் பார்க்கறாரே" என்று தலைவர் கேலி செய்தார். அடியிலிருந்தே பதில் வந்தது. "கயித்தைப் புடிச்சுட்டு வர்ற புள்ளைக்குத் தெரியறது முதுகுதானுங்களே."

அவர் தேர்ந்தெடுத்த படகு பார்க்க அழகில்லாதது. இன்ஜின் நடுவில். தண்ணீரைத் தள்ளும் விசிறி, படகின் வயிற்றுக்கு அடியில் உள்ளடங்கி இருந்தது. கயிறு கட்டும் கம்பமும் நடுவில். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் பின்னோக்கித் திரும்பிய ஓர் இருக்கை. விழுந்த பிள்ளையைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் உட்கார. உங்களுக்குப் பிடித்ததோ வேறு. சோபா, ஸ்பீக்கர், பின்பக்கம் வெளியே தொங்கும் பெரிய இன்ஜின், அதன் விசிறியும் வெளியே.

சங்கக் கூட்டத்தில் எத்தனை ஹார்ஸ்பவர், எத்தனை பேர் உட்காரலாம் என்ற இரண்டு கேள்விகள்தான் எழுந்தன. அண்ணன் நிதானமாகத்தான் சொன்னார்: "நீளக் கயித்துல சறுக்கறது மட்டும்னா இதைச் சமாளிச்சுக்கலாமுங்க. படகு கெளப்பற அலை மேல பலகையில நிக்கோணும்னு புள்ளைங்க ஆசைப்படுதுங்க. அதுக்குப் படகுக்குக் கிட்ட வரோணும். விசிறி வெளிய இருந்தா ஆகாதுங்க." சிரித்தீர்கள். போர் போடுகிறவனுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டவரும் ரிக் முதலாளிதான்!

நீங்கள் கேட்ட படகே வந்தது. பூஜை நடந்தது. சக்கரமில்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று பூசாரி விழித்தார். எல்லோரும் ஏறி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் கரையிலேயே நின்றார். ஒரு நிமிஷம் ஏறி இறங்கிவிடுங்களேன், எதற்குப் பகை என்று நான்கூட மெதுவாகச் சொன்னேன்.

"கால் வெச்சன்னா, சரின்னு சொன்ன மாதிரி ஆயிருமுங்க அம்மணி" என்றார்.

அடுத்து நடந்ததை மலரில் போட மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். தண்ணீரில் விழுந்த ஒரு சிறுமியை ஏற்றுவதற்குப் படகைப் பின்னால் எடுத்தார்கள். இன்ஜினை அணைக்கவில்லை. பின்னால் பார்க்க ஆளும் இல்லை, இருக்கையும் இல்லை. அவள் காலிலிருந்து கழன்ற பலகை விசிறியில் சிக்கி இரண்டாகப் போயிற்று. அவளுக்குக் கீறல்கூட இல்லை. "புள்ளைக்குத்தான் ஒண்ணும் ஆகலையே" என்று முடித்துக்கொண்டீர்கள்.

மிதந்து வந்த பாதிப் பலகையை அண்ணன் எடுத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். விசிறி கடித்த இடத்தை விரலால் தடவிக் காட்டினார். "இது காலுங்க அம்மணி. இன்னிக்குப் பலகையாப் போச்சு." அந்தப் பலகையோடு பிள்ளைகளைப் பெற்றவர்களின் வீடு வீடாகப் போனார். அதன்பின் யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. படகு தார்ப்பாய்க்குள் போயிற்று, அண்ணன் குழுவிலிருந்து போனார். சந்தையில் எதிரே வந்தால்கூட நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அது அவரை அரித்தது. "நான் கெட்டதாங்க சொன்னேன்?" என்று கடைசியாகப் பார்த்தபோதும் கேட்டார்.

இப்போது படத்திறப்பு அன்றே அந்தப் படகுக்கு அவர் பெயரை எழுதி மறுபடி ஆற்றில் இறக்குவதாக அழைப்பிதழ் வந்திருக்கிறது. செல்லமுத்து பெயர் இருந்தால் பெற்றவர்கள் நம்பி அனுப்புவார்கள். கணக்கு அதுதானே? இல்லையென்று ஒருவராவது சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

அவர் என்னிடம் விட்டுப்போனது அந்தப் பாதிப் பலகை. படத்திறப்புக்கு அதோடு வருவேன். அவர் படத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். மாலை போட வருகிறவர்கள் வெட்டுப்பட்ட இடத்தை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் வீட்டுப் பிள்ளையை அனுப்ப மனம் வந்தால், படகில் உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.