ஜெனரேட்டர் புகையில் காய்ந்த வடாம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் கிளாஸோடு சரி. பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அபிராமபுரத்தில் எங்கள் அடுக்குமாடிக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் உண்டு. கரண்ட் போகிறதோ இல்லையோ, சனிக்கிழமை தவறாமல் அரைமணி நேரம் அதைச் சும்மா ஓடவிடுவார்கள். அதற்கு டெஸ்ட் என்று பேர். புகைக்குழாய் மொட்டைமாடி வரை வரும். பக்கத்தில்தான் என் வடாம் காயும். வாய் திறந்து சொல்லக் கூச்சம். அந்த வடாமையே பொரித்துச் செக்ரட்டரி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

அவர் நேரே வந்துவிட்டார். "என்னம்மா, எண்ணெயில பொரிச்சீங்களா, டீசல்லயா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்று மொட்டைமாடிப் பக்கம் கையை மட்டும் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஜெனரேட்டர் கம்பெனியில் இன்ஜினீயராக இருக்கும் பெண்ணைக் கேட்டார். வேலை கொடுக்காமல் ஓட்டினால் டீசலும் வீண், உள்ளே கரியும் பிடிக்கும், புகையும் ஜாஸ்தி. மாதம் ஒருமுறை லிஃப்ட், தண்ணீர் மோட்டார் எல்லாம் அதில் போட்டு ஓட்டினால் போதும் என்றாளாம்.

செக்ரட்டரி வாட்ஸ்அப்பில் போட்டார்: டெஸ்ட் நேரத்தில் அனைவரும் ஜெனரேட்டருக்கு வேலை கொடுக்கவும்.

கொடுத்தார்கள்! ஒரு வீட்டில் கிரைண்டர், ஒரு வீட்டில் கீஸர். எதிர்வீட்டுக்காரர் இரவல் வாங்கி மூன்று இஸ்திரிப் பெட்டியை வரிசையாகச் சொருகியதைக் கண்ணால் பார்த்தேன். வடாம் கூழ்க் குண்டானோடு மொட்டைமாடிக்குப் படியேறப் போன என்னை வாட்ச்மேன் மறித்தார்.

"இன்னாம்மா படியில போற? லிஃப்ட்ல ஏறு, மிஷினுக்கு வேலை வேணாவா?"

ஏறினேன். உள்ளே செக்ரட்டரி. இரண்டு மாடிக்கு நடுவில் போகும்போது பாரம் தாங்காமல் ஜெனரேட்டர் படுத்துவிட்டது. ஒரே இருட்டு.

"போதும்மா இந்தக் கூத்து! இனிமே பழையபடி சனிக்கிழமை சும்மாவே ஓட்டிடலாம்," என்றார் அவர்.

இந்த வெயிலை விட்டால் அடுத்த கோடை வரை வடாம் கிடையாது. இருட்டில் முகம் தெரியாததால் தைரியம் வந்தது.

"பழையபடி வேண்டாம் சார். மிஷின் மேல தப்பில்ல. மூணு இஸ்திரிப் பெட்டி மேலதான் தப்பு."

"அட, உங்களுக்குப் பேச வருமா!" என்றார். மூக்கை உறிஞ்சி, "பெருங்காய வாசனை எங்கேர்ந்து வருது?"

"கூழ் சார். ஆறிடுச்சு. எடுத்துக்கோங்க."

வாட்ச்மேன் மெயின் கரண்டுக்கு மாற்றிவிட்டு லிஃப்டைத் திறந்தபோது அவர் மூக்கு நுனியில் கூழ். குண்டானில் கால்வாசியைக் காணோம்.

"மாசம் ஒருவாட்டிதான் டெஸ்ட்டு! இஸ்திரிப் பெட்டிக்குத் தடா!" என்று வாட்ச்மேனிடம் அங்கேயே சொன்னார்.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. வடாமில் வடாம் வாசனைதான்.

முன்பு ஓட்டியது அரைமணியா, முக்கால் மணியா, கரி பிடிப்பது எந்த இடத்தில் என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துவிடுங்கள். இஸ்திரிப் பெட்டி மூன்றுதான். அதைச் சரிபார்க்க வேண்டாம்.