ஃபேன் இறக்கையில் ஒரு பெயர்

ராஜபாளையம் கடையில், நான் வாங்கிய புது ஃபேனின் இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு பெயிண்டர் அண்ணன் சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். அந்த வாடை என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் இல்லத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்பா அம்மா இல்லாத நாங்கள் அங்கேதான் வளர்ந்தோம். முதலில் அது வெறும் கீற்றுக் கொட்டகை. ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், அவர்கள் நினைவாக எங்களுக்கு ஏதாவது வரும். பெஞ்சு வந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது, சுவர்கூட வந்தது. கொட்டகை மாடிக் கட்டிடமானது. எதைத் தொட்டாலும் செத்தவர் பெயர் சிவப்பில் இருக்கும்.

நான் படுக்கும் இடத்துக்கு மேலே ஓடியது ‘செல்வி நினைவாக’ வந்த ஃபேன். செல்விக்கு என் வயசுதானாம். அவள் அம்மா சித்திரை வெயிலில் வன்னியம்பட்டியிலிருந்து வருவார்.

“செத்த நேரம் நிப்பாட்டுங்க தாயி, எம்பிள்ள பேரப் பாத்துக்கிடுதேன்.”

ஃபேன் நிற்கும். அவர் அண்ணாந்து பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு வேர்த்து ஊற்றும். எப்போது எழுந்து போவார் என்று காத்துக் கிடப்போம்.

“என்ன பேரும்மா எழுதணும்?” என்றார் பெயிண்டர்.

“யாழினி. எம்மக. நான் வளந்த இல்லத்துக்குக் குடுக்கப் போறேன்.”

அவர் தூரிகையைப் பெயிண்டில் தோய்த்தார். பிறகு, “இல்லத்துல மாட்டுனா சுத்துறப்போ பேரு தெரியாதேம்மா. பாக்கணும்னா நிப்பாட்டச் சொல்லணும்” என்றார்.

“வேண்டாம்ணே, ஓடட்டும். பிள்ளைகளுக்கு வேர்க்கும்.”