அம்மாவுக்கு வாசித்த தொடர்கதை

சென்ற கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி கொப்பியும் பேனையுமாக வந்தாள். உயர்தர வகுப்பில் தமிழ் இலக்கியம் படிக்கிறாள். கதைகளில் வரும் இளம் பாத்திரங்களைப் பெற்றோரும் குடும்ப உறவுகளும் எவ்வாறு உருவாக்குகின்றன, உதாரணங்களுடன் விளக்குக என்று ஆசிரியர் கேட்டிருக்கிறாராம். ஆசிரியையாக இருந்த காலம் முழுக்க இதே கேள்வியைக் கேட்டுப் பிள்ளைகளை வதைத்தவள் நான். ஆகவே பெரிய பண்டிதை போலக் கதிரையில் சாய்ந்து தொண்டையைச் செருமினேன். அந்த நேரம் பார்த்து மின்விசிறி திருத்த வந்திருந்தவர் அதற்கு மெசின் எண்ணெய் விட்டார். மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், சொல்ல வந்தது எல்லாம் போய்விட்டது. பிள்ளையை நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். என்னிடம் இருந்த உதாரணம் பரீட்சைத்தாளில் செல்லாது. உங்களுக்குச் சொல்லலாம்.

மெசின் எண்ணெய் மணத்தோடு வருவது திருகோணமலையில் நாங்கள் இருந்த வீட்டின் முன்னறை. துறைமுகத்துக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில், எங்கள் மாதா கோயிலிலிருந்து மூன்றாவது வளவு. யன்னலைத் திறந்தால் கூரைகளுக்கு மேலே கப்பல்களின் புகைபோக்கிகள் தெரியும். அறையில் பாதியை அம்மாவின் தையல் மெசின் பிடித்திருந்தது. மிச்சப் பாதியில் புதுத்துணி மணம், குசினியிலிருந்து வரும் மீன்குழம்பு மணம், பிறகு நான்.

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, அங்கே களஞ்சியத்தில் அப்பாவுக்கு இருந்த வேலையும் போய்விட்டது. அவர் கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் வருவார். அம்மா ஊருக்குத் தைத்தார். நான் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்பது சரியான சொல் இல்லை. எனக்கு ஓரிடத்தில் இருக்கவே முடியவில்லை. யன்னலுக்குப் போவேன், படலைக்குப் போவேன், திரும்பி வருவேன். கப்பல் ஊதினால் எனக்காகத்தான் ஊதுகிறது என்பது போல வாசலுக்கு ஓடுவேன். ஒருமுறை ஒரு சட்டைக்கு வலக்கையை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தவர் பாவம், சிலுவை போடக் கை தூக்க முடியாமல் நின்றார். அதற்குப் பிறகு அம்மா எனக்குப் பொத்தான் தைக்கிற வேலையைத் தவிர வேறெதுவும் தரவில்லை.

எனக்கு இருந்த ஒரே உருப்படியான வேலை வாசிப்பது. ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பஸ் நிலையத்துக் கடையில் வாரப்பத்திரிகை வாங்கி வருவேன். ஞாயிறு அம்மா மெசினைத் தொடமாட்டார். ஆகவே திங்கட்கிழமை மத்தியானம் அவர் தைக்க, நான் தொடர்கதையை உரத்து வாசிப்பேன். அம்மா இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர். எழுத்துக் கூட்டி வாசிப்பார், ஆனால் ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகும். அதை ஒத்துக்கொள்ளமாட்டார். கண்ணைத் தையலுக்கு வைத்திருப்பதாகச் சொல்வார்.

கதை தேவகி என்ற பெண்ணைப் பற்றியது. தகப்பன் இல்லை. வெளியூர் போய்ப் படிக்க ஆசை. தாய் விடமாட்டாள். இதை அந்த எழுத்தாளர் மாதக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தார். அம்மா எப்போதும் தாயின் பக்கம்தான். "அவளுக்கு வேற ஆர் இருக்கினம்?" என்று சொல்லி மெசினை மிதிப்பார். சத்தத்தை வைத்தே கதையின் போக்கைச் சொல்லிவிடலாம். தாய் அழுதால் மெசின் மெதுவாகும், மகள் எதிர்த்துப் பேசினால் கெதியாக ஓடும். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலத்துக் கதைகளில் நான் கண்ட மகள்மார் ஒன்றில் சொற்கேட்டு வாடினார்கள், இல்லாவிட்டால் சொற்கேளாமல் செத்தார்கள். பேசாமல் ஒரு பஸ் ஏறிப் போய்ப் படித்துவிட்டு வந்த ஒருத்தியையும் நான் சந்திக்கவில்லை.

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். மட்டக்களப்பில் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் நிரப்பி, ஒப்பத்துக்காக அப்பாவுக்கு அனுப்பினேன். அப்பா ஒப்பம் வைத்து, கூடவே ஒரு துண்டில் 'அம்மாவிடம் நீயே சொல்' என்று எழுதி அனுப்பினார். அப்பா எனக்கு எதையும் மறுத்ததில்லை. எனக்காக எதையும் அம்மாவிடம் எடுத்துச் சொன்னதும் இல்லை. நானும் அவருடைய மகள்தானே, சொல்லவில்லை. விண்ணப்பம் போய்விட்டது.

அந்தத் திங்கட்கிழமை கதையில் தாய் மகளின் புத்தகங்களை அள்ளி அடுப்பில் போட்டாள். எனக்கு அதை வாசிக்க வாய் வரவில்லை. தாய் புத்தகங்களை எடுத்தாள், தூசி தட்டினாள், திரும்ப மேசையில் வைத்தாள் என்று வாசித்தேன். மெசின் நின்றது.

"திருந்தியிட்டாளோ?" என்று அம்மா கேட்டார்.

"அப்பிடித்தான் போட்டிருக்கு" என்றேன்.

ஒரு பொய் சொன்னால் அடுத்த கிழமையும் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். எழுத்தாளர் மகளை அறைக்குள் பூட்டினார், நான் திறந்துவிட்டேன். அவர் மாப்பிள்ளை பார்த்தார், நான் மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்த்துக் கொடுத்தேன். ஐந்தாவது கிழமை தாய் தன் கையாலேயே மகளுக்குப் பெட்டி அடுக்கினாள். அம்மா ஊசியைத் தூக்கிவிட்டு, பெட்டிக்குள் என்னென்ன வைத்தாள் என்று விசாரித்தார். இரண்டு சேலை, சவர்க்காரம், எண்ணெய்ப் போத்தல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன். போர்வை வைக்கவில்லையா, என்ன தாய் இவள் என்று அம்மா குறைப்பட்டார். அடுத்த வரியில் போர்வையும் வைத்தேன். அந்தக் கிழமைதான் கல்லூரியிலிருந்து எனக்கு இடம் கிடைத்த கடிதமும் வந்தது. பத்து நாளில் பதில் போட வேண்டும். கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

கதீஜா மாமி எங்கள் ஒழுங்கையின் முனையில் இருந்தவர். கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர், அம்மாவோடு நல்ல பழக்கம். அடுத்த திங்கள் காலை சட்டை வாங்க வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கதிரையில் உட்கார்ந்தார். அவருடைய மகளும் அதே பத்திரிகையை வாசித்துக் காட்டுகிறாளாம். தேவகியின் தாய்க்குக் கல் நெஞ்சு, பிள்ளையைப் பூட்டி வைத்துக் கொல்லாமல் கொல்கிறாள் என்றார். எங்கள் கதையில் அவள் படிக்கப் போய்விட்டாளே என்றார் அம்மா. இரண்டு பேரும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரு கொலருக்கு அயன் பெட்டி பிடித்துக்கொண்டிருந்தேன். கருகிய மணம் வந்த பிறகுதான் கையை எடுத்தேன். மாமிக்கு விளங்கிவிட்டது. சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா கத்தவில்லை. பழைய பத்திரிகைகளைக் கொண்டுவரச் சொன்னார். அவர் அவற்றைச் சட்டை வெட்டும் அளவுக்கடதாசிக்காகக் கட்டி வைத்திருந்தார். அச்சில் உள்ளதை உள்ளபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். புத்தகம் எரிந்தது, அறை பூட்டப்பட்டது, பிள்ளை சாப்பிடாமல் கிடந்தாள். மெசின் ஒருமுறைகூட ஓடவில்லை.

முடிந்ததும் அம்மா கேட்டார்: "இந்தத் தாய் நானோ?"

"இல்லையம்மா."

"அப்ப ஏன் மாத்தினனீ?"

சட்டைக்குள் இருந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். வாசித்துச் சொல்லவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார். விரலால் தொட்டுத் தொட்டு என் பெயர் வரைக்கும் வாசித்தார். பிறகு அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். ஒப்பம் வைத்தவர் அவர்தான் என்றேன். அப்போதுதான் அம்மாவின் முகம் மாறியது.

"அவருக்குக் கடிதத்தில சொன்னனீ. எனக்குக் கதையில சொன்னனீ. உன்ர கதையில வந்த தாய் நல்லவள்தான், கேக்க முதலே ஓமெண்டவள். என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்ல."

கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "இப்ப கேள்" என்றார்.

ஐந்து கிழமை ஒரு தாயை என் இஷ்டத்துக்குப் பேச வைத்தவளுக்கு, சொந்தத் தாயிடம் ஒரு கேள்வி கேட்க நாக்குப் புரளவில்லை. "நான் போகட்டே, அம்மா?" என்று கேட்டு முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அம்மா அழவில்லை. யோசிக்க வேண்டும் என்றார்.

இரண்டு நாள் யோசித்தார். அந்த இரண்டு நாளும் நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. இறங்குதுறை வரைக்கும் நடப்பேன், கயிறு அவிழ்த்துப் போகும் படகுகளைப் பார்ப்பேன், அம்மா கூப்பிட்டிருப்பாரோ என்று ஓடி வருவேன். உப்புவெளிக்குப் போகும் பஸ்ஸில் காரணமே இல்லாமல் ஏறி, அங்கே இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். திரும்பி வரும்போதெல்லாம் அம்மா தலை நிமிராமல், கோயிலில் முதல்நன்மை வாங்கப்போகும் யாரோ ஒரு பிள்ளைக்கு உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று அவரை அவ்வளவு நேரம் நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. தேவகியின் தாயைப் பற்றி எனக்கு எவ்வளவோ தெரிந்திருந்தது. என் அம்மா எதற்கு இரண்டாம் வகுப்போடு நின்றார் என்று நான் கேட்டதுகூட இல்லை.

மூன்றாம் நாள் நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டே சொன்னார்: "போ. ஆனா கடிதம் எழுதேக்க கதை எழுதாத."

நான் எழுதவில்லை. விடுதிச் சோற்றில் கல் கிடந்ததை, மழைக்குக் கூரை ஒழுகியதை, வீட்டை நினைத்து அழுததை உள்ளபடி எழுதினேன். முதலில் கதீஜா மாமியின் மகள்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். கொஞ்ச நாளில் அம்மா அவளையும் நிறுத்திவிட்டாராம். வாசிக்கிறவளை நம்ப ஏலாது என்றாராம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி ஒரு மத்தியானம் முழுக்க இருப்பார் என்று மாமி என்னிடம் பிறகு சொன்னார். அடுத்த நத்தாருக்கு முன்னால் அம்மாவின் கையெழுத்தில் எனக்கு முதல் கடிதம் வந்தது. பென்சிலில், பெரிய எழுத்தில், மூன்றே வரி.

படிப்பு முடிந்து வேலையானதும் நான் ஊர் ஊராக மாற்றலில் அலைந்தேன். அம்மா எனக்கு எழுதிய எல்லாக் கடிதங்களையும் பத்திரமாக இருக்கட்டும் என்று அந்த முன்னறை அலுமாரியில்தான் கொண்டுபோய் வைத்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஊர் குழம்பியபோது அந்த ஒழுங்கையில் எரிந்த வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அதைப் பார்க்க அம்மாவும் அப்பாவும் உயிரோடு இருக்கவில்லை. கதீஜா மாமி வீட்டார் கிண்ணியாவுக்கே போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது மெசினின் இரும்புக் கால் மட்டும் சாம்பலில் நின்றது. அடுத்த முறை போனபோது அதுவும் இல்லை.

அந்த முதல் கடிதத்தின் இரண்டு வரி எனக்கு உறுதியாகத் தெரியும். இங்கே மழை. நான் சுகம். மூன்றாவது வரி 'வடிவாகப் படி' என்றுதான் இவ்வளவு காலமும் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். இப்போது சில நாட்களில் அது 'கெதியாக வா' என்று இருந்தது போலவும் படுகிறது.