மூன்றாவது ஆள்

கூட்டத்தை வேடிக்கை பார்க்கச் சம்பளம் தருகிறார்கள் என்று சொன்னால், அந்தக் கூட்டத்தில் நிற்பவர்கள்கூட நம்புவதில்லை. பண்டிகைச் சந்தை, கடைத் திறப்பு விழா, பொதுக்கூட்டம் எதுவானாலும் உயரமான இடத்தில் நின்று, நெரிசல் முற்றுவதற்குள் "கேட்டைச் சாத்துங்கள்" என்று குரல் கொடுப்பது என் வேலை. நெரிசலில் செருப்பைத் தொலைத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். கூட்டம் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டால் கோட்பாடு கோட்பாடாகச் சொல்வேன். குரல்தான் வராது. நாலு பேர் முன்னால் என் பெயரைக்கூடச் சொல்ல முடியாது. மேற்பார்வையாளர் சாந்தா அக்கா முதல் நாளே வாக்கி டாக்கியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பேட்டரி செத்தா ஒன் தொண்டைதான், வாணி. அதுவும் வரலன்னா கீழ யாராச்சும் செத்துருவாங்க."

பூட்டிய கதவு

கிள்ளானில் ஒரு துணிக்கடைத் திறப்பு விழா. வாசல் முன்தெருவில் இருந்தது. பின்சந்தில், பூட்டிக் கிடந்த இரும்புக் கதவில் ஒருவர் சாய்ந்துகொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஓர் அம்மா வந்து நின்றார். பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் வரிசை சந்துமுனையைத் தாண்டிவிட்டது. நிலைமை தெளிவாக இல்லாதபோது கூட்டம் தனக்கான விதியை அங்கேயே உண்டாக்கிக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன்.

சாய்ந்திருந்தவர், தன் மனைவியின் கார் வந்ததும் ஏறிப் போய்விட்டார். அவர் நின்ற இடத்துக்கு யாரும் நகரவில்லை. கதவுக்கும் வரிசைக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் அப்படியே காலியாகக் கிடந்தது, யாரோ இன்னும் நிற்பதுபோல. நான் அந்த அம்மாவிடம் போய், வாசல் அந்தப் பக்கம் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் அந்தப் பக்கம் போனோன நீ முன்னுக்கு வந்து நிக்கலாம்னு பாக்குறியா, தங்கச்சி?"

மேல்மாடி ஜன்னல்

பிரிக்பீல்ட்ஸ் தீபாவளிச் சந்தை. நடக்க இடமில்லை, ஸ்பீக்கர் காதைப் பிளக்கிறது. யாரோ ஒருவர் நின்று, எதிர்க் கடைவீட்டின் மேல்மாடியை அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார். பேச்சுச் சத்தம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அவிந்துகொண்டே போனது. தெரு மொத்தமும் ஒரு ஜன்னலைப் பார்த்து நின்றது. நானும் பார்த்தேன். சாத்திய ஜன்னல், வேறொன்றும் இல்லை. பிறகு யாரும் சொல்லாமலே எல்லோரும் நடக்கத் தொடங்கினார்கள்.

புத்தகத்தில் இதற்குத் தொற்று என்று பெயர். பெயர் தெரிந்தும் இன்னொரு முறை அந்த ஜன்னலைப் பார்த்தேன். அங்கே என்ன இருந்தது என்று பூக்கடை அண்ணனிடம் கேட்டேன். அவர் சரத்திலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "எல்லாரும் பாத்தாங்க, நானும் பாத்தேன்லா. நான் பாக்காம இருந்து, அது என்னைப் பாத்துச்சுன்னா?"

எழுந்தவர்கள்

ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடியை இடிக்கப்போவதாகச் சொல்லிக் குடியிருப்பவர்களைக் கூட்டியிருந்தார்கள். மேம்பாட்டு நிறுவனத்து ஆள் மைக்கில், ஆட்சேபம் உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார். என் பக்கத்திலிருந்த அங்கிள் அதற்கு முன்பே என்னிடம், "மொத ஆளா எந்திரிக்க மாட்டேன். ரெண்டு பேரு எந்திரிக்கட்டும், மூணாவது நான்" என்று சொல்லியிருந்தார். ஒவ்வொருவருக்குள்ளும் அப்படி ஒரு கணக்கு உண்டு. மண்டபத்தில் எல்லோருக்கும் அதே கணக்குப்போல, ஒருவரும் எழவில்லை.

அப்போது ஒரு குழந்தை அழுதது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போகத் தாய் எழுந்தாள். பால் போத்தலோடு அவள் மாமியார் எழுந்தார். அங்கிள் விறைப்பாக எழுந்து நின்றார். அவ்வளவுதான், அத்தனை நாற்காலிகளும் ஒரே இழுப்பில் உரசின. மைக்கில் பேசியவர் முகம் வெளுத்து, இன்னொரு நாள் பேசலாம் என்று இறங்கிவிட்டார். திரும்பி வந்த தாய், எல்லோரும் நிற்பதைப் பார்த்துவிட்டு, யார் முதலில் எழுந்தது என்று கேட்டாள். அங்கிள் சொன்னார்: "நீதாம்மா. ஒனக்கே தெரியாதா?"

படிக்கட்டு

மறுபடியும் கிள்ளான். ஒரு மண்டபத்தின் கீழ்த்தளத்தில் பண்டிகை ஹாம்பர் கூடைகளை இலவசமாகக் கொடுக்கிறார்கள். கேட்டைத் தாண்டினால் குறுகலான படிக்கட்டு. அதன் அடியிலுள்ள கதவை இன்னும் திறக்கவில்லை. அது தெரியாமல் மேலே இருந்தவர்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கேட்டருகே பெஞ்சின்மேல் நின்ற எனக்குத் தெரிந்தது: காற்றில் லாலாங் புல் சாய்வதுபோலக் கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்து, மெல்லத் திரும்பி வந்தது. ஒருவர்கூடத் தானாக அசையவில்லை. கீழே நெரிசலில் தூக்கப்பட்ட ஒரு பெண்ணின் பாதங்கள் படியில் இல்லை. அவள் கத்தவுமில்லை.

வாக்கி டாக்கியில் பேட்டரி இல்லை. வாய் திறந்தது, குரல் வரவில்லை. பெஞ்சிலிருந்து குதித்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற சாந்தா அக்காவின் கையைப் பிடித்து, கூரை மூலையைக் காட்டி அண்ணாந்தேன். அக்கா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் அண்ணாந்தார். எங்களைப் பார்த்த காவலாளி மூன்றாவது.

தள்ளிக்கொண்டிருந்த கைகள் நின்றன. தலைகள் வரிசை வரிசையாக மேலே திரும்பின. அந்த அமைதியில் அக்கா கேட்டை இழுத்துச் சாத்தியது கேட்டது. கீழே அந்தப் பெண்ணின் பாதங்கள் படியைத் தொட்டன.

எல்லோரும் கலைந்த பிறகும் ஓர் ஆன்டி மட்டும் மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒன்றுமில்லை, போகலாம் என்று சொன்னேன். அவர் கண்ணை எடுக்கவில்லை. "நீ போம்மா. அது இன்னும் அங்கதான் இருக்கு."

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, குரல் இன்னும் வரவில்லை, அந்த மண்டபத்தில் மட்டும் நான் தலையைத் தூக்குவதில்லை.